ஃபேனை நிறுத்துங்கோ, போட்காஸ்ட் கேட்கப் போறம்

போட்காஸ்டை வகுப்பில் பயன்படுத்தச் சொல்லும் செயலமர்வுகளுக்குப் போய்வந்த ஆசிரியர்களுக்கு ஒரு ஸ்லைடு நினைவிருக்கும். காதில் ஹெட்போன் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளை, பின்னால் புத்தக அலுமாரி, முகம் நிறையச் சிரிப்பு. வளவாளர் அதைக் காட்டி, "இனி உங்கட பிள்ளைகள் எங்கேயும் எப்பவும் படிக்கலாம்" என்பார். நாங்களும் தலையாட்டுவோம், சாப்பாட்டுப் பார்சல் வந்ததும் எழும்பிவிடுவோம். ஸ்லைடில் இருக்கிற பிள்ளைக்குத் தனி அறை, தனி போன், தனி ஹெட்போன். எனக்கு முன்னால் இருப்பது 40 பேருக்குக் கிட்டப் பிள்ளைகள், ஒரு ஸ்பீக்கர், பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே பாதி உயரத்துக்கு மட்டும் எழுப்பிய ஒரு சுவர்.

நான் திருகோணமலையில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். போட்காஸ்ட் எனக்குப் பிடிக்கும், வகுப்பிலும் விடாமல் போட்டு வருகிறேன். ஆனால் முழு நிகழ்ச்சியையும் ஓடவிட்டுவிட்டு மேசையில் இருந்து கொப்பி திருத்துகிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 40 நிமிடப் பாடவேளையில் ஒலித்துண்டின் நீளம் இரண்டு நிமிடம் இருந்தால் போதும், மிஞ்சினால் மூன்று. மிச்ச நேரமெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தைச் சுற்றித்தான் நடக்க வேண்டும், நடத்துகிறவர் ஆசிரியராக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சின்னதாக என்றால், கண்ணும் காதும் வேலை செய்கிற விதம் வேறு. புத்தகத்தில் ஒரு வரி விளங்காவிட்டால் கண் தானாகப் பின்னுக்குப் போய்த் திரும்ப வாசிக்கும். ஸ்பீக்கரில் வந்த வசனம் போனால் போனதுதான். அதைப் பிடித்து வைக்க மனம் பாடுபட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து விழும், கடைசியில் இரண்டும் கையில் இல்லை. ஜோன் சுவெல்லர் என்ற அவுஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் 1988 இல் எழுதிய அறிதிறன் சுமைக் கோட்பாட்டின் சாரம், புதிய தகவலில் மனம் ஒரு நேரத்தில் தூக்கக்கூடியது மிகக் கொஞ்சம் என்பதுதான். பின்னாளில் அவரும் கூட்டாளிகளும் ஒலியைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். நீளமான, சிக்கலான விஷயத்தைக் காதால் மட்டும் கொடுத்தபோது எழுத்தில் படித்தவர்களைவிடக் கேட்டவர்கள் பின்தங்கினார்கள், அதையே துண்டு துண்டாகக் கொடுத்தபோது நிலைமை மாறியது. அது தங்கள் சொந்த மொழியில் கேட்ட பிள்ளைகளின் கதை. வீட்டில் ஒரு வசனம் ஆங்கிலம் காதில் விழாத ஒன்பதாம் தரப் பிள்ளைக்கு முன்னால் அரை மணித்தியால நிகழ்ச்சியைப் போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டாம், பின்வாங்கில் போய்ப் பார்த்தால் போதும்.

நான் அதிகம் எடுப்பது பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்'. இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பற்றிக் கதைப்பார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு விடையைக் கடைசியில்தான் சொல்வார்கள், இடையில் வந்த சில சொற்களை முடிவில் திரும்ப எடுத்து விளக்குவார்கள். எழுத்து வடிவமும் அவர்களுடைய தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு நிமிடம்தானே, முழுவதையும் போட்டால் என்ன என்று தோன்றும். நான் மூன்றாக வெட்டிவிடுவேன். பாடவேளை தொடங்கியவுடன் அந்தக் கேள்வி மட்டும் ஓடும், அரை நிமிடம் கூட வராது. மூன்று விடைகளில் எது என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் எழுதிவிடுவேன். எழுதியபின் யாருக்கும் மாற்ற அனுமதி இல்லை. விடை வருகிற துண்டு மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான். நடுவில் இருக்கிற நேரம் முழுக்க அவர்கள் அந்த விடைக்காகக் காத்திருப்பார்கள், "டீச்சர் ப்ளீஸ், இப்ப போடுங்கோ" என்று கெஞ்சுகிற பிள்ளைகளும் உண்டு, நான் மசியமாட்டேன்.

நடுத்துண்டுதான் பாடம். முதல் தடவை பேனையை மேசையில் வைக்கச் சொல்வேன். ஒரே ஒரு கேள்வி: இந்த இரண்டு பேரும் ஒத்துப் போகிறார்களா, சண்டை பிடிக்கிறார்களா? அதற்குச் சொல் தெரியத் தேவையில்லை, குரலின் ஏற்ற இறக்கமே சொல்லிவிடும். ஆங்கிலம் வராது என்று தன்னைத் தானே எழுதிவைத்திருக்கிற பிள்ளைகூட இதற்குச் சரியாகக் கை தூக்கும், அன்றைய பாடத்தில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் தடவை பேனை கையில், தேடவேண்டிய விஷயம் பலகையில். மூன்றாம் தடவை எழுத்து வடிவத்தில் ஏழெட்டுச் சொல்லை அழித்த தாள், அரை ஏ4. இடையில் சட்டென்று நிறுத்தி, அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று கேட்பதும் உண்டு. முன்கூட்டியே எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்லிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆட்களின் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் எழுதிப் போடுவேன், ஏனென்றால் அவற்றை யாராலும் ஊகிக்க முடியாது, ஒரு பெயரில் தடுக்கி விழுந்த பிள்ளைக்குப் பிறகு வருகிற நாலு வசனமும் போய்விடும்.

இந்த மூன்றாம் தடவையில்தான் ஒரு விசித்திரம் தெரியவரும். அழித்திருக்கிற சொல்லில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லாக இருக்கும், எழுதிக் காட்டினால் உடனே பொருள் சொல்வார்கள், காதால் மட்டும் பிடிக்க முடியாது. "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று நாங்கள் தரம் மூன்றிலிருந்து சொல்லைச் சொல்லாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்த வசனம் லண்டன்காரர் வாயில் "வட்டயகொனடூ" என்று ஒரே மூச்சில் வருகிறது. "அந்த மிஸ் சொல்லை விழுங்குறா டீச்சர்" என்று ஒருத்தி முறைப்பாடு செய்தாள். உண்மைதான், விழுங்குகிறா. விழுங்கினதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்று சொல்லி, அந்த மூன்று செக்கனை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன், பிறகு எல்லோரும் சேர்ந்து அதே மாதிரி விழுங்கிச் சொல்லிப் பார்த்தோம். பக்கத்து வகுப்பு சேர் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சொற்கள் எங்கே ஒன்றோடு ஒன்று ஒட்டுகின்றன என்பதைப் பாடநூல் காட்டாது, என் உச்சரிப்பும் காட்டாது, ஏனென்றால் நான் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாகப் பிரித்துப் பிரித்துத்தான் கதைக்கிறேன். போட்காஸ்ட் வகுப்புக்குள் கொண்டுவருகிற, வேறு எதுவும் கொண்டுவராத சரக்கு இதுதான் என்பது என் கணிப்பு.

சின்னத் தரங்களுக்கு அந்த வேகம் அதிகம். அமெரிக்காவின் வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா 1959 இல் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' என்று ஒரு சேவை தொடங்கியது: ஏறக்குறைய 1,500 அடிப்படைச் சொல், சின்ன வசனம், வழக்கமான வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து வாசிப்பு. கற்கிறவர்களுக்காகவே எழுதி, அவர்களுக்காகவே ஆறுதலாக வாசித்த அந்த மாதிரிப் பதிவுகள் ஆறாம் ஏழாம் தரங்களுக்குப் பொருந்தும். சிலர் வேகமான நிகழ்ச்சியை எடுத்து செயலியில் 0.75 என்று வைத்துவிடுவார்கள், குரல் தவறணையில் இருந்து எழும்பி வந்தவர் கதைக்கிற மாதிரி இழுபடும், வகுப்பு சிரித்து முடிய நேரம் முடிந்துவிடும்.

சரி, தலைப்பில் சொன்ன ஃபேன். செயலமர்வில் இதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை, ஆனால் வகுப்பில் போட்காஸ்ட் தோற்பதற்குப் பாதிக் காரணம் சத்தம். சீமெந்துத் தரை, தகரமோ சீட்டோ போட்ட கூரை, திறந்த ஜன்னல், கடகடக்கிற ஃபேன். மாரியில் ஒரு மழை பிடித்தால் அன்று ஒலியை மறந்துவிட வேண்டும், அதனால் கார்த்திகை மார்கழியில் நான் இந்தப் பாடத்தைத் திட்டத்திலேயே வைப்பதில்லை. வைகாசி ஆனியில் கச்சான் காற்று அனலடிக்கிற நேரம் ஃபேனை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகள் முறைப்பார்கள், அதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாததற்கு இன்னொரு நல்ல காரணம். முதலாம் பாடவேளைதான் தோதானது. ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையில் வைக்காமல் வகுப்பின் நடுவில் ஒரு கதிரையில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி நெருக்கி இருத்தினால் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை, சத்தம் குறைந்தால் எதிரொலியும் குறையும். பெரிய மண்டபத்து ஸ்பீக்கரைவிடச் சின்னது நல்லது. காது மந்தமான பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும், சில வேளை வீட்டுக்காரருக்கே தெரியாமல். மூன்று தடவை போட்டும் பக்கத்துப் பிள்ளையின் தாளையே பார்க்கிற பிள்ளையைக் கள்ளம் செய்கிறது என்று ஏசுவதற்கு முதல் ஒரு தரம் கூப்பிட்டுக் கதைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முழு எழுத்து வடிவம் தொடக்கத்திலேயே கையில் இருக்க வேண்டும்.

டேட்டாவை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. பேச்சு மட்டும் உள்ள ஒலியை 64 கேபிபிஎஸ் மோனோவில் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பி கூட வராது, இரண்டு நிமிடத் துண்டு ஒரு எம்பிக்குள் அடங்கும். வெட்டுவதற்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கணினி அறையில் தூசு பிடித்துக் கிடக்கிற பழைய மெஷினிலும் ஓடும். வீட்டிலேயே இறக்கி, வெட்டி, பென்டிரைவில் கொண்டுபோனால் வகுப்பில் இணையமே வேண்டாம். ஸ்ட்ரீமிங்கை நம்பிப் போகாதீர்கள், சிக்னல் இருந்தாலும் நடுவில் விளம்பரம் வரும், என்ன விளம்பரம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முழுவதும் கேட்டுப் பார்க்காத எதையும் பிள்ளைகளுக்கு முன்னால் போடவும் வேண்டாம்.

வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினபோது இங்கே எத்தனையோ ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டுத்தான் பாடம் நடத்தினோம், வீடியோவுக்கு டேட்டா காணாது என்பதால். ஒருவகையில் நாங்கள் எல்லோரும் அப்போதே போட்காஸ்டர் ஆகிவிட்டோம், யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த மாதங்களில் வீட்டு நிலைமையும் நன்றாகத் தெரியவந்தது. வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவுடையது, அப்பா கடலுக்குப் போனால் போனும் கடலுக்குப் போகும். மூன்று பிள்ளை படிக்கிற வீட்டில் ஓ.எல். பரீட்சை எழுதுகிற அக்காவுக்குத்தான் முதலிடம். போன் இருக்கிற பிள்ளை கேட்டுவிட்டு வரும், இல்லாத பிள்ளை வகுப்பில் குனிந்துகொண்டிருக்கும். ஒரு ஸ்பீக்கரில் எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டால் அந்த வித்தியாசம் வகுப்புக்குள் வராது. விருப்பமுள்ளவர்கள் வீட்டில் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்குப் புள்ளி கிடையாது.

காதால் கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல என்று ஒரு சேர் அடிக்கடி சொல்வார். பிபிசி தமிழோசை 1941 இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரைக்கும் வானொலியில் ஓடியது. 90களில் வடக்கில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றியே ரேடியோ கேட்டார்கள். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி பல வருடம் ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்ததும் இந்தத் திருகோணமலையில்தான். "அப்ப கேட்டவை, இப்ப பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று அவர் முடிப்பார். எனக்கு அந்த முடிவு பிடிப்பதில்லை. டைனமோ சுற்றிக் கேட்டவர்கள் பொறுமையால் கேட்கவில்லை, எங்கே என்ன நடக்கிறது, நாளைக்குப் பாதை திறக்குமா, தம்பி இருக்கிற பக்கம் பிரச்சினையா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். காதுக்கு ஒரு வேலை இருந்தது. வேலை கொடுத்தால் இன்றைக்கு டிக்டொக் பார்க்கிற பிள்ளையும் கேட்கும், கொடுக்காவிட்டால் அந்தக் காலத்து ஆட்களும் தூங்கியிருப்பார்கள்.

வேலை கொடுப்பதில் எனக்கு மிகப் பிடித்தது டிக்டோகிளாஸ். ரூத் வைன்ரிப் என்ற ஆசிரியை 1990 வாக்கில் பரப்பிய முறை. சொல்வதெழுதுதலின் தம்பி, ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொல்வதில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பகுதியைச் சாதாரண வேகத்தில் போட வேண்டும், பிள்ளைகள் காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொள்வார்கள், பிறகு நாலைந்து பேராகக் கூடி அந்தப் பகுதியைத் தங்கள் குறிப்பிலிருந்து திரும்பக் கட்டி எழுத வேண்டும். அப்போது வருகிற சண்டைதான் பாடம். "கோஸ் எண்டு கேட்டது", "இல்லை, வென்ட்", "நேற்று எண்டு முதல் சொன்னது தானே, அப்ப வென்ட் தான்" என்று இலக்கணத்தைத் தாங்களே இழுத்துப் போட்டு அலசுவார்கள். நான் கரும்பலகையில் இறந்தகாலம் என்று தலைப்புப் போட்டு ஒரு கிழமை நடத்தினாலும் இது வராது.

மற்றப் பாடங்களுக்கும் இது போகும். எங்கள் வரலாற்று ஆசிரியை இரண்டாம் உலகப்போர் பாடத்துக்கு ஓர் ஆங்கிலப் போட்காஸ்டிலிருந்து சின்னத் துண்டு கேட்டு என்னிடம் வந்தா. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய கதை. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை அதே நாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். பேசுகிறவர் ஊரை "ட்ரிங்கோ" என்கிறார், அதைக் கேட்டவுடன் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது, தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடத்தை லண்டனில் இருந்து ஒருவர் சொல்கிறாரே. துண்டைப் போட்டபின் ஆசிரியை கேட்ட கேள்வி நன்றாக இருந்தது: இவர் கதையில் யார் யார் வருகிறார்கள், அன்றைக்கு இந்த ஊரில் இருந்தவர்களில் யார் வரவில்லை? கப்பல், தளபதி, விமான எண்ணிக்கை எல்லாம் இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்த எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை.

விஞ்ஞான சேர் வேறு வழியில் போனார். கூகிளின் நோட்புக்எல்எம் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி 2024 இல், கொடுக்கிற ஆவணத்தை வைத்து இரண்டு செயற்கைக் குரல்கள் போட்காஸ்ட் மாதிரிக் கதைக்கிற வசதியைக் கொண்டுவந்தது, 2025 இல் அது தமிழிலும் வந்தது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல் பிடிஎப் இலவசமாகக் கிடைக்கிறதே, ஓர் அலகை அதில் ஏற்றி, வந்த ஒலியை மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டினார். குரல்கள் நல்ல துப்புரவு, ஒருவர் சொல்வதற்கெல்லாம் மற்றவர் "அட, அருமை" என்று வியக்கிறார், எனக்கு ஒரு நிமிடத்திலேயே சலித்துவிட்டது. அதைவிடப் பெரிய பிரச்சினை, எங்கள் பாடநூல் கலம், ஒளித்தொகுப்பு என்று எழுதுகிற இடத்தில் இந்தக் குரல்கள் செல், ஒளிச்சேர்க்கை என்று தமிழ்நாட்டு வழக்கில் பேசுகின்றன. பரீட்சைத் தாளில் எது வரும் என்று பிள்ளை குழம்பும். சேர் கெட்டிக்காரர், அதை எறியவில்லை. பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒலியைக் கேட்டு, நூலோடு பொருந்தாத ஒவ்வொன்றையும் பிடித்து எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். பிழை பிடிக்கச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர் செய்த ஒலி. பிள்ளைகள் தாங்களே செய்வது இன்னொரு படி, அதற்குப் பாடவேளை காணாது, ஆங்கில மன்றத்தில்தான் செய்கிறோம். மூன்று நிமிட நிகழ்ச்சி, வீட்டில் ஒரு மூத்தவரிடம் தமிழில் கேட்டு, அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும், மூத்தவரின் குரலும் நடுவில் வரவேண்டும். கிண்ணியாவில் இருந்து வருகிற பிள்ளை ஒன்று தன்னுடைய உம்மம்மாவிடம் பாதையைப் பற்றி, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையைப் பற்றிக் கேட்டது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை அந்தத் தண்ணீரைப் பாதையில்தான் கடக்கவேண்டும், பஸ்ஸும் லொறியும் ஆட்களும் அதிலேதான். மழைக்காலத்தில் வரிசையில் நின்றது, இரவில் வருத்தக்காரரைக் கொண்டுபோகப் பாதை அக்கரையில் நின்றது, பாதைக்காரரின் பெயர் எல்லாம் உம்மம்மா சொல்லிக்கொண்டே போயிருக்கிறா, இருபது நிமிடத்துக்கு மேல். அந்தப் பிள்ளை பாலம் இல்லாத கிண்ணியாவைக் கண்டதே இல்லை. இருபது நிமிடத்தை மூன்று நிமிடம் ஆக்க அந்தப் பிள்ளையும் தோழிகளும் ஓடாசிட்டிக்கு முன்னால் இருந்து எத்தனை தரம் கேட்டிருப்பார்கள் என்று தெரியாது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும். நான் எத்தனை செயற்பாட்டுத் தாள் அடித்தும் வராத கவனம்.

இதில் ஒரு கட்டுப்பாட்டை நான் இறுக்கமாக வைத்திருக்கிறேன். தொழில், பயணம், சாப்பாடு, விளையாட்டு, திருவிழா, இவற்றைத்தான் கேட்கலாம். போர், இடப்பெயர்வு, காணாமல் போனவர்கள், சுனாமி பற்றிப் பிள்ளையாகப் போய்க் கேட்கக்கூடாது. வரலாறு மறைக்கப்படுகிறது என்று ஓர் இளம் ஆசிரியர் என்னோடு வாதாடினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வி எந்த வீட்டில் எந்தக் கதவைத் திறக்கும் என்று எனக்கும் தெரியாது, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியாது, திறந்தபின் அந்த வீட்டில் இரவு இருக்கப் போவது நான் அல்ல. மூத்தவர் தானாகச் சொன்னால் கேட்கலாம், பதிவை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டும், அது நிகழ்ச்சியில் வராது.

இவ்வளவு செய்தும், ஓ.எல். ஆங்கில வினாத்தாள் இரண்டும் எழுத்துத்தானே, கேட்டல் பரீட்சையில் இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், பெற்றோரும் கேட்பார்கள், ரியூட்டரியில் கடந்தகால வினாத்தாள் செய்கிற பிள்ளையின் பெற்றோர் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள். காதில் விழுந்த வசனம்தான் பிறகு எழுத்தில் வரும் என்று நான் சொல்வேன், சிலர் ஏற்பார்கள். பதினோராம் தரத்தில் கடைசித் தவணைக்கு நானும் ஒலியை விட்டுவிட்டு வினாத்தாளுக்குத்தான் போகிறேன், அதில் பிடிவாதம் பிடித்துப் பிள்ளைகளின் பெறுபேற்றோடு விளையாட முடியாது. ஆறு தொடக்கம் ஒன்பது வரைதான் இதற்கு இடம் இருக்கிறது.

நேரம்தான் உண்மையான செலவு. நல்ல இரண்டு நிமிடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போய்விடும், அதில் முக்கால்வாசி உதவாத நிகழ்ச்சிகளைக் கேட்டே போகும். அதனால் நாங்கள் சில பேர் வெட்டின துண்டையும் கேள்வித்தாளையும் ஒரே பெயரில் சேமித்து எங்களுக்குள் மாற்றிக்கொள்கிறோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது, வகுப்புக்குப் பிரதி எடுப்பதும் அதில் அடங்கும். வெட்டின துண்டைச் சொந்தச் சனலில் ஏற்றிப் பார்வையாளர் சேர்ப்பது வேறு விஷயம், அதை யாரும் செய்யவேண்டாம்.

பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை ஏன் யூடியூப்பில் போடவில்லை என்று அதிபர் கேட்டார், பாடசாலைக்குப் பெயர் வருமே என்று. பிள்ளையின் குரல், மூத்தவரின் குரல், ஊர், பெயர் எல்லாம் அதில் இருக்கிறது, பெற்றோர் இன்றைக்குச் சரி என்பார்கள், ஐந்து வருடத்தில் அந்தப் பிள்ளைக்கே அது பிடிக்காமல் போகலாம் என்றேன். இப்போதைக்கு எல்லாம் நூலகக் கணினியில் ஒரு கோப்புறையில் இருக்கிறது, வீட்டுக்காரருக்குப் பென்டிரைவில் ஒரு பிரதி. இடைவேளையில் வந்து கேட்கலாம், நூலகத்தில் ஹெட்போன் இரண்டுதான், ஒன்றில் இடது காது வேலை செய்யாது.